எட்டாவது கல்

மேலூர் தாண்டி, லாரிகள் தின்று துப்பிய ரோட்டோரம்
ஜீப் நின்ற இடத்தில் கண்மாய்க்கரை தொடங்குகிறது.
பழைய புலப்படத்தில் அது
விருந்து சாப்பிட்டவன் வயிறு மாதிரி
கிழக்கே தள்ளிக்கொண்டிருக்கிறது.

மொத்தம் பதினொரு கல். ஏழு கிடைத்தன.
கருவேலங்காட்டுக்குள் அரிவாளோடு நுழைந்த வெள்ளைக்கண்ணு
முழங்கையில் ரத்தத்தோடு நின்று கத்துகிறார்:
"எட்டாவதும் இருக்கும்மா!"

கார்மேகம் உட்கார்ந்தபடியே இளநீர் சீவித் தருகிறான்.
மடியில் லேஅவுட் படம்.
அதில் கரை, ஸ்கேல் வைத்து இழுத்தது.
"எதுக்கு மேடம் இந்த வளைவு? கோணலா, அசிங்கமா.
நேரா விட்டா எல்லாருக்கும் நல்லது."

நேராக விட்டால் ஒன்றேமுக்கால் ஏக்கர்
தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்து வந்து
தலை துவட்டி
முப்பதடி ரோட்டோடு மனையாகும்.

"நீங்கதான் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும்."

ஒரு நேர்கோட்டுக்காக வளையச் சொல்கிறான்.
சிரிப்பு வந்து இளநீர் மூக்கில் ஏறிற்று.

எங்கள் ஆபீசில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எத்தனை வேலை.
நிலத்தையும் வளைத்துப் போடலாம், ஆளையும்.
கேள்வி கேட்டவனை வளைத்து வளைத்துக் கேட்கலாம்.
வளையாதவனுக்கு ராமநாதபுரத்தில்
ஃபேன் இல்லாத அறையும் ஒரு நாற்காலியும் உண்டு.

நான் வளையாதவள் இல்லை.
உசிலம்பட்டியில், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம்,
ஒரு கிணறு இந்தப் பக்கம் வரவேண்டுமென்று
கோட்டை நாலு மீட்டர் நெளித்தேன்.
பணம் வாங்கவில்லை.
கிணற்றுக்காரி அழுதாள், அவ்வளவுதான்.
பதிவேட்டில் அந்த நெளிவு இன்னும்
முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறது.
பக்கத்துப் புலக்காரர் பம்புசெட் போடும்போதெல்லாம்
என் பெயரைச் சொல்லித்தான் ஏசுகிறாராம்.
ஏசட்டும்.

கரை ஏன் அங்கே ஒதுங்கிப் போகிறதென்று
கார்மேகத்துக்கு நான் சொல்லப்போவதில்லை.
மழை வந்தால் தண்ணீரே வந்து சொல்லும்,
அப்போது அவன் இங்கே இருக்கமாட்டான்,
மனை வாங்கியவர்கள் இருப்பார்கள்.

டேப்பின் முனையை எட்டாவது கல்லில் பிடிக்கச் சொன்னேன்.
அளந்துகொண்டே வந்தேன்.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
வெட்டுப்பட்ட இளநீர்க் கூடுகள், எறும்பு,
மடிப்புக் கலையாத ஒரு வேட்டியின் ஓரம்.

"கொஞ்சம் எந்திரிங்க" என்றேன்.
"ஒன்பதாவது கல்லுல உட்கார்ந்திருக்கீங்க."