குறிப்பு என்றொரு கட்டம்

தேவநேசனிடம் ஒரு நோட்டு இருந்தது,
கல்யாணத்துக்குப் பதினோரு வருஷம் முன்பிருந்தே.
தேதி, மில்லிமீட்டர், குறிப்பு என்று
ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு.
தினமும் காலை எட்டரைக்குக்
கொல்லையில் நிற்கும் மழைமானியைக் கழற்றிக்
கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்,
மருந்து ஊற்றும் கம்பவுண்டர் மாதிரி.
குறிப்புக் கட்டம் மட்டும்
பதினோரு வருஷமும் வெறுமையாகக் கிடந்தது.
எழுத என்ன இருக்கு, என்றார்.

நாற்பத்து மூன்று வயதில்
இரண்டு சூட்கேஸும் ஒரு கேரம் போர்டுமாகக்
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள் நான்.
எனக்கு எழுத இருந்தது.

பிப்ரவரி 9. 0.0
வீட்டில் இப்போது இரண்டு இட்லிக் கொப்பரை.
எதைக் கொடுத்துவிடலாம் என்று இரவு பத்து மணிவரை பேச்சு.
இரண்டும் இருக்கின்றன.

மார்ச் 2. 0.0
மேட்டுப்பாளையம் போனோம். ஜோலி ஒன்றுமில்லை,
வியர்க்க வேண்டும்போல் இருந்தது.
வியர்த்தது. வாழையிலை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு
நாலு மணி பஸ் ஏறினோம்.
மூன்றாவது கொண்டை ஊசியில்
இருவரும் ஒரே நேரத்தில் ஸ்வெட்டரை எடுத்தோம்.

மே மாதம் கோடநாடு.
காட்சிமுனையில் காட்சி இல்லை, பால் மாதிரி மூட்டம்.
கம்பிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம்.
"கீழே தெங்குமரஹாடா" என்று
மூட்டத்துக்குள் கைநீட்டி விளக்கினார்.
பார்த்தேன் என்று சொன்னேன்.

ஜூன் 11. 3.2
தவிட்டுப்பழ ஜாம். சட்டி தீய்ந்தது.
தீயாத மேல்பாகத்தைச் சுரண்டித் தின்று
ஊதா நாக்கோடு கோவிலுக்குப் போனோம்.
பாட்டு வேளையில்
எங்கள் பெஞ்சு மட்டும் வாய் திறக்கவில்லை.

ஜூலை 4. 21.0 பேசவில்லை.
ஜூலை 5. 18.4 பேசவில்லை.
ஜூலை 6. 9.6 உப்பு எங்கே என்று கேட்டார்.
உப்பு அவர் கையில் இருந்தது.

ஆகஸ்டில் டோனிங்டன் பக்கம்
ஆளில்லாத ரோட்டில் ஸ்கூட்டர் பழகினேன்.
பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்தவர்
பயப்படவில்லை என்று
ஒவ்வொரு திருப்பத்திலும் சொன்னார்.
தேயிலைக்குள் நின்ற காட்டெருமை
எங்களை வேடிக்கை பார்த்தது.

அக்டோபர் தொடக்கத்தில் அக்காவுக்கு ஆபரேஷன்.
நாசரேத்தில் ஒன்பது நாள் இருந்தேன்.
திரும்பி வந்து
பையைக்கூட இறக்காமல் நோட்டைத் திறந்தேன்.
ஒன்பது நாளுக்கும் மில்லிமீட்டர் கட்டம் காலி.
பக்கத்துக் கட்டத்தில், நெருக்கி நெருக்கி,
கோணல் இல்லாத அந்தக் கையெழுத்து:

பால் பொங்கி வழிந்தது.
கேரம் ஆடினேன். இரண்டு பக்கமும் நானே. தோற்றேன்.
கரடி வந்து பின்கதவை முகர்ந்தது.
சமையல் பற்றித் தெரியும் போல, உடனே போய்விட்டது.
நல்ல மழை.

நல்ல மழை!
புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் தப்பினால்
ராத்தூக்கம் வராத மனிதர்.
ஏன் அளக்கவில்லை என்றேன்.
மறந்துட்டேன் என்றார், அடுப்பைப் பார்த்தபடி.
ஒன்பது நாளுமா என்று
கேட்க வந்து, டீ போடப் போனேன்.

ஐப்பசிக் கடைசியில் ஒரே நாளில் 141.0.
ரோட்டில் மண் சரிந்து, கரண்ட் போய்,
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
ஈரம் குடித்த பலகையில் காய் நகரவில்லை.
பவுடர் கொட்டினால் பவுடரும் களி.
சிவப்பு நடுவிலேயே உட்கார்ந்திருந்தது மூன்று நாள்.
பால் வரவில்லை, பேப்பர் வரவில்லை,
யாரும் வரவில்லை.
அந்த மூன்று நாளுக்கும்
குறிப்பில் எதுவும் எழுதவில்லை நான்.

நேற்றுப் புது நோட்டு வாங்கி வந்தார்.
ஸ்கேலும் பென்சிலுமாக ஜன்னலோரம் குனிந்திருந்தார்.
எட்டிப் பார்த்தேன்:
குறிப்புக் கட்டம் இரண்டு விரல்கடை அகலமாகியிருக்கிறது.
மில்லிமீட்டர் ஒண்டிப் போயிருக்கிறது ஓரமாய்,
மூன்று இலக்கம் எழுத அதில் இடமில்லை.

அடுத்த ஐப்பசிக்கு
என்ன செய்வார் என்று பார்க்க வேண்டும்.