நியூட்ரல்

இன்று எங்கள் ஆய்வகத்தில்
பதினேழு லாரிகள் பள்ளத்தில் விழுந்தன.
'ஆர்' பட்டனை அழுத்தினால் போதும்,
தூசிகூடத் தட்டாமல் மேலே வந்து நிற்கும்
கண்ணாடி உடையாமல், பாரத்தோடு.

திரையில் இருப்பது தொப்பூர்க் கணவாயாம்.
சாம்பல் பட்டை ஒன்று,
மரமென்று ஒப்புக்கொள்ள வேண்டிய
பச்சை முக்கோணங்கள்.
இரட்டைப் பாலத்துக்கு நீலம் அடித்திருக்கிறார்கள்.
குரங்கு இல்லை. பிரேக் கருகும் நாற்றம் இல்லை.
அதற்குப் பதில் ஒரு மாறி: சூடு.
அது முந்நூறைத் தொட்டால்
பெடல் வெறும் பெடல்.

'வேகம் நாற்பதைத் தாண்டினால் பிரேக்,
இல்லையென்றால் சும்மா இரு.'
முதல் வாரம் எல்லோரும் இதைத்தான் எழுதினோம்.
எல்லோரும் விழுந்தோம்.
மூன்று மாதம் கரும்பலகையில் புரியாத லூப்
நாலாவது வளைவில் புரிந்துவிட்டது சபுராவுக்கு:
கியரைக் குறை, விட்டு விட்டு மிதி, மறுபடி பார்.
அவள் லாரி சமர்த்தாய்ச் சேலம் பக்கம் இறங்கி
இண்டிகேட்டர் போட்டு நின்றது.
குணவதி மேடம் பத்துக்குப் பத்து போட்டார்.

என்னுடையதும் இறங்கியது.
பிறகு நான்தான் ஒரு வரி சேர்த்தேன்:
சரிவு தொடங்கினால்,
டீசல் மிச்சம் பிடிக்க,
கியர் பூஜ்யம்.
பதினேழில் பதினொன்று என் லாரி.

"எந்த டிரைவர்டீ இப்படி ஓட்டுவான்?"
சபுராவுக்கு நான் பதில் சொல்லவில்லை.

ராத்திரி ஒன்பது ஐம்பது, ஹாஸ்டல்.
பாளையம் டோல்கேட்டிலிருந்து அப்பா:
"இறங்கப் போறேன், வெச்சிடறேன்."
ஓமலூர் தாண்டியதும் ஒரு மிஸ்டு கால் வரும்.
எவ்வளவு பேசினாலும் காசில்லை என்று
சொல்லிப் பார்த்தாயிற்று.
பாதி டீ வாங்குகிற மனிதருக்கு
ஒரு ரிங்கே தாராளம்.
"கியர்லயே போப்பா" என்பதற்குள்
லைன் போயிருந்தது.

லேப்டாப்பைத் திறந்து,
நியூட்ரலை அப்படியே விட்டுவிட்டு
காப்பாற்ற வழியுண்டா என்று எழுதிப் பார்க்கிறேன்.
பாதிச் சரிவில் மூன்றாம் கியருக்குத் திரும்பினால்?
இரண்டு முறை பிழைத்தது.
ஐந்து முறை இல்லை.

"இன்னுமா ஓடுது? முடிவில்லாத லூப்பா?"
போர்வைக்குள்ளிருந்து சபுரா.
இல்லை, முடிகிற நிபந்தனை இருக்கிறது.
புரோகிராமுக்கு வெளியே இருக்கிறது.

பத்து இருபத்தெட்டு.
தலையணைமேல் கவிழ்ந்து கிடக்கிற போனை
நிமிர்த்தி வைக்கிறேன்.
'ஆர்' அழுத்துகிறேன்.
லாரி மேலே வருகிறது.