முர்டாக்கின் கூரை

செவ்வாய் பத்து மணி.
திரையில் ஏழு கட்டங்கள், ஏழு சமையலறைகள்.
ஹாலிஃபாக்ஸிலிருந்து பிரியோனி கேட்கிறாள்:
"இன்று வலிக்கு எத்தனை மதிப்பெண்?"
ஆறு என்கிறேன். நேற்றும் ஆறுதான்,
ஆனால் நேற்றைய ஆறோடு நடக்க முடிந்தது.

கிளேஸ் பே முழுக்க இருபத்தாறு வருடம்
பள்ளிப் பேருந்து ஓட்டிய கை இது.
ஜாம் புட்டி மூடியிடம் தோற்கிறது.
வாதம் என்று பெயர் வைத்தவன் பட்டவன்தான்.
விடிய விடிய வாதாடும்,
காலையில் தானே ஜெயித்ததாகத்
தீர்ப்பும் எழுதிக்கொள்ளும்.

ஏழாவது கட்டத்தில் ஆள் இல்லை.
பலகைக் கூரை,
காது வடிவில் ஒரு நீர்க்கறை,
எரியாத பல்பு.
குரல் மட்டும் வரும்: முர்டாக், லூயிஸ்பர்க்.
நாற்பது பருவம் சிங்கி இறால் கூண்டு இழுத்தவர்.
டேப்லெட்டை நிமிர்த்திப் பிடிக்க விரல்கள் சம்மதிப்பதில்லை,
குனியக் கழுத்து சம்மதிப்பதில்லை.
மேசையில் மல்லாக்கப் போட்டுவிட்டு
ஓரத்திலிருந்து பேசுகிறார்.

வாரம் ஒரு செயல்திட்டம் சொல்ல வேண்டும்,
முடிப்போம் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு என்றும்.
"தபால்பெட்டி வரை நடப்பேன், மூன்று நாள்."
நம்பிக்கை?
"நாலு."
ஏழுக்குக் கீழே என்றால்
திட்டத்தைச் சிறிதாக்க வேண்டும், அது விதி.
கூரை யோசித்தது.
"சரி, வாசற்படி வரை. எட்டு."

அடுத்த வாரம் கூரை சொன்னது:
"இரண்டு நாள் போனேன். மூன்றாம் நாள் பனிப்புயல்.
பொய் எதற்கு, ஜன்னல் வரை போனேன்."
சிரித்தோம்.
சிரித்தால் எனக்கு விலா வலிக்கும்.
சிரித்தேன்.

ஐந்தாம் வாரம்
இருக்கும் பலத்தை நாள் முழுக்கப் பங்கிடுவது பற்றிப் பாடம்.
கூரை வரவில்லை.
தோள்களைச் சுழற்றச் சொன்னாள், சுழற்றினோம்.
ஆனால் ஒரு தலை குறைந்தால்
வண்டியை நகர்த்தியதில்லை நான், ஒருநாளும்.
குறுக்கே விழுந்து கேட்டேன்:
"முர்டாக் எங்கே?"
ஆறு கட்டங்களிலும் அமைதி,
யாரோ ஒருவர் வீட்டில் குளிர்பெட்டியின் உறுமல்.

கடைசி வாரம் அதே காது, அதே பல்பு.
மருந்து மாற்றினார்களாம், நான்கு இரவு ஆஸ்பத்திரியாம்.
அதை ஒரு வரியில் முடித்துவிட்டு,
"எஃபி," என்றார்,
"மூன்றாம் வாரம் கெட்டிலை
மேல்தட்டிலிருந்து இறக்கி வைத்தாய்.
நல்ல காரியம்."
திரும்பிப் பார்த்தேன், ஏதோ புதிதாய் வாங்கிய பொருளைப்போல
என் கெட்டிலை.
வீட்டுக்கு வந்துபோன என் மகன்கூடக் கவனிக்கவில்லை.

"இனி வகுப்பு இல்லை, உங்கள் திட்டம் என்ன?"
கூரை நெடுநேரம் பேசவில்லை.
"அந்த பல்பை மாற்ற
யாரிடமாவது கேட்க வேண்டும்."
நம்பிக்கை?
"மூன்று."
கூண்டு இழுப்பதைவிடக் கனம் போல, கேட்பது.

லூயிஸ்பர்க் நாற்பது நிமிடம்.
ஏணி ஏற என்னாலும் ஆகாது,
ஏறுகிற ஒருவனைக் காரில் ஏற்றிவர ஆகும்.
சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

எஃபி, உங்கள் நம்பிக்கை எவ்வளவு?
ஆறு என்றேன்.
பிரியோனி எழுதிக்கொண்டாள்.
சிறிதாக்கச் சொல்லவில்லை.