ஆறாம் பக்கத்தில் கயிறு இல்லை

சோமனூரில் விடிவதற்கு முன்
ஒரு மணி நேரம்தான் நேர்க்கோடு கிடைக்கும்.
ஐந்தரைக்கு நாச்சிமுத்து அண்ணன் மோட்டாரைப் போட்டால்
பன்னிரண்டு தறியும் சுவர் தாண்டி
மேசைக்கால் வழியே ஏறி
என் பென்சில் முனைக்கு வந்துவிடும்.
அதனால் கதவு, மின்கம்பம், பள்ளிக்கூடம்
எல்லாம் நாலரைக்கு.
ஆடு, மழை, கோபித்துக்கொண்ட மாமா
இவர்களெல்லாம் தறி ஓடும்போது.
நடுங்கினால்தான் அவர்களுக்கு மயிர் முளைக்கிறது.

இந்த மாதம் ஓர் எருமைக்கன்று.
கதை சென்னையிலிருந்து வந்தது,
மொத்தம் எழுபத்தொரு சொல்.
'கன்று வழி தவறியது' என்று ஒரு வரி.
எந்த வழி என்று எழுதியவர் சொல்லவில்லை.
அதைச் சொல்லத்தான் எனக்குக் கூலி.

பத்து நாள் காகிதத்தைத் தொடவில்லை.
கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வேலியோரம் நின்று
எருமை எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்பக்கம்தான் முதலில் எழுகிறது,
யாரோ வாலைப் பிடித்துத் தூக்குவது போல.
தோட்டத்துக்காரர் வந்தார்.
"எருமை வாங்கறீங்களா?"
"இல்லீங்க, காது பாக்கறனுங்க."
அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

கறுப்புப் புட்டியை நான் திறப்பதில்லை.
நீலத்தில் பழுப்பை விட்டு, ஈரம் காயுமுன்
ஒரு சிட்டிகை கல்லுப்பைப் பொடித்துத் தூவினால்
முதுகில் சேறு உலர்ந்துவிடும்.
மின்கட்டண ரசீதுகளின் பின்னால் முப்பத்தாறு காது.
நூல் தீர்ந்த கோன்களில் தூரிகைகள்.
டீ டம்ளரும் தூரிகை டம்ளரும் ஒரே எவர்சில்வர்;
இந்த வாரம் இரண்டு தடவை நீலம் குடித்தேன்.
கண்ணை மட்டும் நடுமடிப்பில் வைப்பதில்லை.
முதல் புத்தகத்தில் வைத்தேன்.
ஆயிரத்து ஐநூறு பிரதியிலும்
அந்தக் கோழியின் கண்ணில் பின் அடித்திருந்தார்கள்.

தரையில் பக்கங்கள் காய்ந்துகொண்டிருந்த சாயங்காலம்
ஐஸ் தண்ணி வாங்க வந்தாள் எதிர்வீட்டு தர்ணிகா.
ஐந்து வயது, எழுத்துக் கூட்டத் தெரியாது.
சுற்றி நடந்தாள், மிதிக்காமல்.
"அஞ்சாவதுல கவுறு இருக்குது.
இதுல இல்ல.
ஆரு அவுத்துவுட்டது?"

மறந்துபோய்விட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.
"தெரியலியே சாமி."
பாட்டிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு
போய்விட்டாள்.

இரவு வத்சலா மேடம் போன்:
"ஆறுலேர்ந்து கடைசி வரைக்கும் கயிறு விட்டுப்போச்சு.
சேர்த்துடுங்க, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்."

சேர்த்துப் பார்த்தேன், வேறு தாளில்.
கயிற்றோடு நிற்கிற கன்று
எப்படி வழி தவறும்?
இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் தெரிகிறது.
ஐந்தாம் பக்கத்து ஓரத்தில் ஒரு கை போட்டேன்.
வளையல் போட்ட கை, மருதாணிக் கை, நகம் கடித்த கை.
ஒவ்வொன்றாக அழித்ததில்
காகிதம் தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது.
கடைசியில் கை வேண்டாம் என்று
முளைக்குச்சியில் முடிச்சை மட்டும்
சித்தெ தளர்த்திவிட்டேன்.

மீதிக் கயிறு எங்கே போயிருக்கும்?

பதினாறாம் பக்கத்தில் கன்று வீடு வருகிறது.
வாசலில் இடது பக்கம் வெறுமையாகக் கிடந்தது.
அங்கே இரண்டு கம்பம் நட்டு
ஒரு லுங்கி, பள்ளிக்கூடச் சட்டை, தலையணை உறை காயப்போட்டேன்.
கொடி மட்டும் பாக்கி.
வத்சலா மேடத்துக்கு இன்னும் சொல்லவில்லை.

இப்போது மணி ஐந்து இருபத்தெட்டு.
கொடிக்கயிறு நேர்க்கோடா, நடுங்குகிற கோடா
என்று என் கணக்கில் இதுவரை இல்லை.
தூரிகையை நனைத்து வைத்திருக்கிறேன்.
சந்தில் நாச்சிமுத்து அண்ணனின் இருமல்,
பிறகு சாவிக்கொத்து.
முதல் கம்பத்தில் தொடங்கினேன்.
பள்ளிக்கூடச் சட்டையின் தோள் வரை வந்திருப்பேன்,
மோட்டார் விழுந்தது.