எட்டு மணிக்கு மேல், பால்சாஸ்

டிசம்பர் பிறந்துவிட்டால்
என் கைபேசி ராத்திரி எட்டுக்கு மேல்தான் கத்தும்.
"கோடு தப்புது" என்பாள் ஜுசிலேனி,
சோயா விதைக்கும் டிராக்டரின் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து.
பின்னால் எந்திரம் உறுமும்.

கருவிக் கடையின் இரவு ஆள் நான்.
ஆன்டெனாவைத் துடைத்தீர்களா என்று கேட்பதற்குச் சம்பளம்.
துடைத்தாயிற்று. அணைத்துப் போட்டாயிற்று.
"மழைகூட இல்லையே இன்னைக்கு, நட்சத்திரம் தெரியுதே."

தெரியும்.
இருபதாயிரம் கிலோமீட்டர் இடறாமல் வந்த சமிக்ஞை
கடைசி முந்நூறில் தள்ளாடுகிறது.

அங்கே ஒரு காற்று.
இலையை அசைக்காது, தொப்பியைப் பறிக்காது.
வெயில் இறங்கியதும் கிழக்கே ஓடும்,
போகிற போக்கில்
மின்னேறிய துகள்களைப் பிடித்து இழுக்கும்.
காந்தக் கோடுகள் இங்கே ஏறக்குறையப் படுத்துக் கிடக்கின்றன,
வடமுனை கொஞ்சம் மேற்கே சாய்ந்து.
குறுக்கே இழுத்தால் சும்மா விடுமா?
நேர் ஒரு பக்கம், எதிர் ஒரு பக்கம்
ஒதுங்கி முறைக்கும்.

பகலெல்லாம் அதை வடித்துவிட
கீழடுக்கில் ஒரு வாய்க்கால் இருந்தது.
வெயிலில் மட்டும் ஓடும் வாய்க்கால்.
டிசம்பரில் அந்தியும் காந்தமும் ஒரே சாய்வு;
இரண்டு முனையும் ஒன்றாக வற்றிவிடும்.

இறங்க வேண்டிய வேளையில்
மேலடுக்கு முழுசும் எழும்புகிறது.
அடர்ந்தது மேலே, அடியில் வெறுமை.
எண்ணெய் மேல் தண்ணீரை ஊற்றினால்
எத்தனை நேரம் நிற்கும்?
ஒரு குமிழி கிளம்பும்,
நகரத்தை விட அகலமாக,
உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமல்.

இதையெல்லாம் ஒருமுறை வால்டெனோரிடம் சொன்னேன்.
"அப்போ பில்லை ஆகாசத்துக்கு அனுப்பு" என்று வைத்துவிட்டார்.
அதிலிருந்து நான் சொல்வதில்லை.
"நள்ளிரவு வரை பொறுங்கள்" என்பேன்.

ஜுசிலேனி பொறுக்கவில்லை.
மண் ஈரமாய் இருக்கிறது, நாளைக்கு என்ன ஆகுமோ.
தானியங்கியை அணைத்தாள்,
ஸ்டீயரிங்கைக் கையில் வாங்கினாள்,
விளக்கு எட்டின தூரத்தை மட்டும் நம்பி.

ஜனவரியில் பழுது பார்க்கப் போனேன்.
முழங்கால் உயரப் பச்சை,
நூல் பிடித்தாற்போல் வரிசைகள்.
நடுவில் இருபது வரிசை மட்டும்
இடது பக்கம் நெளிந்து, திகைத்து,
மறுபடி நேராகி.

ஒரு இலையும் அசைக்காத காற்று
இந்த வயலில் கைநாட்டு வைத்திருக்கிறது.
படம் எடுத்துக்கொண்டேன். ஏனென்று கேட்டாள்.
சொல்ல வாயெடுத்தேன், வால்டெனோர் ஞாபகம் வந்தது.

"நல்லா முளைச்சிருக்கு" என்றேன்.
"வளைஞ்ச இடத்துல கொஞ்சம் அதிகமாவே" என்றாள்,
உண்மையோ, என்னைச் சீண்டவோ.

அன்றைக்கும் எட்டடித்தது.
கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
பிறகு நிமிர்த்தினேன்.