ஆணி டயர்

பெருங்குடல், என்றாள் டாக்டர்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னாள்.
மங்கலாகத் தெரிந்தால்
சொல்வதற்குச் சுலபம் போலும் என் முகம்.

எழுபத்தொரு வயது.
முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள்.
கலைமான் குறுக்கே பாய்ந்தால்
பிரேக்கை எவ்வளவு மிதிப்பதென்று காலுக்கே தெரியும்.
இதற்கு எதை மிதிப்பது?

எங்கள் பேச்சில் இந்த நோயின் பெயருக்குத்
தின்பது என்று பொருள்.
வேறு அலங்காரம் ஒன்றுமில்லை.
அவள் அதைச் சொன்னதும் எனக்குப் பசித்தது,
சத்தியமாக, வயிறு கூவியது.
கீழே கேன்டீனில் ஏலக்காய் பன் இரண்டு வாங்கினேன்.
ஒன்றைத் தின்றேன்.
ஊர்ஹோவுக்கென்று காகிதத்தில் சுற்றிய மற்றதைக்
காருக்குள் உட்கார்ந்து
அதையும் தின்றேன்.

நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம்.
ஆனால் அக்டோபர் பத்தொன்பது, நாலு மணிக்கு
டயர் மாற்ற நேரம் வாங்கி வைத்திருந்தேன்.
தவறவிட்டால் நவம்பர்வரை இடம் கிடைக்காது.
சாவுச் செய்தி வந்த வீட்டிலும்
அடுப்பை அணைத்துவிட்டுத்தானே அழுகிறார்கள்.

கடைப் பையன் ஓஸ்கு.
ஒன்றாம் வகுப்பில்
என் பஸ்ஸின் மூன்றாம் வரிசையில் வாந்தி எடுத்தவன்.
இப்போது தாடி.
பழைய டயரின் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்து
"தேய்ஞ்சுபோச்சு, ரைலி" என்றான்.
"இது மலிவு. மூணு குளிர்காலம் வரும்.
இது விலை ஜாஸ்தி, ஆறு தாங்கும்.
எதைப் போடட்டும்?"

டாக்டரிடம் நான் கேட்காமல் எழுந்து வந்த கேள்வியைக்
கிரீஸ் கையோடு ஒருவன்
என்னிடம் கேட்கிறான்.

மூன்று என்று சொல்ல வாயெடுத்தேன்.
மூன்றும் தண்டமோ என்று பட்டது.
ஊர்ஹோவுக்குக் கண்புரை, வண்டி எடுக்க மாட்டான்.
அப்புறம் கழற்றி விற்றால்
பாதி விலையாவது போகுமா?
நான் போன பிறகு நாலு டயர் என்ன விலைக்குப் போகும் என்று
நின்றபடி கணக்குப் போட்டேன்.

சொல்லிவிட்டேன்.
கட்டியவனிடம் இன்னும் சொல்லவில்லை,
தம்பெரேயில் இருக்கும் மகளிடம் சொல்லவில்லை,
தூக்கி நிறுத்திய காருக்கு அடியில்
பூட்ஸ் மட்டும் தெரிந்தவனிடம் சொன்னேன்.

ஸ்பேனர் சத்தம் நின்றது.
ஐயோ என்பான் என்று நினைத்தேன்.
இல்லையென்றால் அத்தைக்கும் இப்படித்தான் என்று
ஒரு கதையை எடுப்பான்.
"வைத்தியம் எங்கே, ஔலுவிலா?"
ஆமாம்.
"நூற்றெண்பது கிலோமீட்டர்."
ஆமாம்.
"போக வர முந்நூற்றறுபது. எப்போ ஆரம்பம்?"
டிசம்பர்.
"அப்போ மலிவு வேண்டாம்.
ஏரிக்கரை வளைவிலே அது வழுக்கும்."

அன்று எனக்குச் சொல்லப்பட்டவற்றில்
முழுசாகப் புரிந்தது இது ஒன்றுதான்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
புது ஆணிகள் வெறும் தார்ச்சாலையில்
கறகறவென்று ஊரெல்லாம் கேட்க நடந்தன.

சவுனா அறைக்குப் பின்னால்
இடுப்பளவு புற்று ஒன்று இருக்கிறது,
எறும்புகள் ஊசியிலை ஊசியிலையாய்ச் சேர்த்துக் கட்டியது.
இடித்துப் போடு என்று இருபது வருஷமாகச் சொல்கிறேன்.
இருந்துவிட்டுப் போகட்டும் என்பான் ஊர்ஹோ.
வண்டி விளக்கில் அதன் தலையில் மட்டும்
கொஞ்சம் பனி, சர்க்கரை தூவினாற்போல.
ஏப்ரல்வரை மேலே ஒரு அசைவும் தெரியாது.
உள்ளே அத்தனையும் இருக்கும்.

இலை வாரிக்கொண்டிருந்தவன்
சத்தம் கேட்டே கண்டுபிடித்துவிட்டான்.
"புது டயரா?"
ஆறு வருஷம் தாங்குமாம்.
"அடேயப்பா. பன் எங்கே?"
தின்றுவிட்டேன்.
"எனக்கு?"
அதையும் தின்றுவிட்டேன்.

வாரியைச் சுவரில் சாய்த்தான்.
கையுறையைக் கழற்றினான்,
ஒன்றை. பிறகு மற்றதை.