பிழை எண் 412

உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டுகள் ஒட்டி
நடக்கச் சொன்னார்கள்.
"இடுப்பு பத்தல" என்றார் இயக்குநர்,
மூன்று முறை.

நாலாவது முறை
கெரிஞ்சியில் கடைசி ரயில்விட்டிறங்கி
வீட்டுக்குப் போகிறபடி நடந்தேன்.
விரலிடுக்கில் சாவி,
கம்பத்துக்குக் கம்பம் பின்னால் ஒரு பார்வை.

"இது பொம்பள நடையா?"

சோதனை மேசையிலிருந்து லோஷினி
(அடையாள அட்டையில் இன்னும் வேறு பெயர் அவளுக்கு)
தலை தூக்காமல் சொன்னாள்:
"என் நடையும் இதான் லா."

கோப்பின் பெயரில் 'பெண்' என்பதை அழித்து
'கெரிஞ்சி, இரவு' என்று சேமித்தோம்.
எல்லா உடலுக்கும் அதையே பூட்டினோம்.

ஆட்டம் வெளியான வாரம் புகார் வந்தது:
இரும்புக் கவசம் போட்ட தடியன்
இருட்டுச் சந்தில் ஏன்
திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்?

லோஷினி தட்டினாள்:
பிழையல்ல.
மூடப்பட்டது.